‘ஆர்.ஏ. நெகட்டிவ்’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை, புதிதாக கிளினிக் வைக்கும் மருத்துவர்களும் லேபில் சேரும் பிள்ளைகளும் முடக்குவாதப் பரிசோதனையில் செய்கிற தவறுகள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான். டியூபில் பெயர் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறோம்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்புவது

நடவுக்குப் போகும் பெண், நாற்பது வயதுக்குள் இருப்பார். “காலையில ஏந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்க மாட்டேங்குது டாக்டர், நாத்து முடியைக்கூடப் பிடிக்க முடியல” என்பார். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். “வாதம் இல்லம்மா, சேத்துல நின்னு வேலை பாக்குறீங்க, அதான்” என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதன்பின் மெடிக்கலில் அவரே ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். வலி அடங்கும், முகம் உப்பும், மூட்டு உள்ளே அரிபட்டுக்கொண்டே இருக்கும். சில வருடம் கழித்து வரும்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் ஆத்திரம் வருகிறது.

முடக்குவாதக்காரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டரும் வராது, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் இன்னொரு ஆன்டிபாடியான ஆன்டி சிசிபியும் வராது. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த 2010ஆம் ஆண்டின் ஏ.சி.ஆர்.–யூலார் மதிப்பெண் அளவுகோலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு மூட்டிலாவது கண்ணுக்குத் தெரியும் வீக்கம் இருந்து, அதற்கு வேறு காரணமும் இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு. பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் (ஒன்றாவது சிறு மூட்டு) என்றால் 5. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி. அல்லது இ.எஸ்.ஆர். கூடியிருந்தால் 1. ஆறு வாரம் கடந்திருந்தால் 1. ஆக 7. தேவை 6தான், ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லாமலே எட்டிவிட்டது.

நான்கு முதல் பத்து சிறு மூட்டுகள் என்றால் 3தான் கிடைக்கும், மொத்தம் 5இல் நின்றுவிடும். ஆன்டி சிசிபி முடிவைப் புரட்டுவது இங்கேதான்: லேசான பாசிட்டிவுக்கே 2 உண்டு. அதுவும் நெகட்டிவ் என்றால் மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் எடுங்கள், சில வாரத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். கையின் நுனிக்கணுக்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அங்கே வருவது பெரும்பாலும் தேய்மானம்.

ஏ.எஸ்.ஓ. டைட்டர் சேர்த்து எழுதுவது

அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று வந்ததா என்று பார்க்கும் பரிசோதனை. முடக்குவாதத்துக்கு அது தேவையே இல்லை.

‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்

எவ்வளவு என்று கேளுங்கள். லேபின் மேல் வரம்பு 14 என்றால் 42 வரை லேசான பாசிட்டிவ். அதைத் தாண்டினால்தான் வலுவான பாசிட்டிவ், அதற்கு 3 மதிப்பெண். வரம்பு லேபுக்கு லேப் மாறும். ஸ்லைடில் திரள்கிறதா என்று மட்டும் பார்க்கும், எண் தராத லேடெக்ஸ் பாசிட்டிவை லேசானதாகவே கணக்கிட வேண்டும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம் உடம்பின் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியையே எதிர்க்கும் இன்னொரு ஆன்டிபாடி. காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, இதய வால்வுத் தொற்று என எதிர்ப்புச் சக்தியை நெடுநாள் கிளறும் எதிலும் அது எழும். ஆரோக்கியமான முதியவர்களிடமும் இருக்கும். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் சிலருக்கு வரும். மூட்டுவீக்கமே இல்லாதவருக்கு இதை எழுதாதீர்கள். ஆன்டி சிசிபி இதைவிட நம்பகமானது, ஆனாலும் காசநோய் முற்றியவர்களில் சிலருக்கு அதுவும் பாசிட்டிவ் ஆகும். இருமலையும் எடை குறைந்ததையும் கேட்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கினால் காசநோய் பரவிவிடும்.

லேடெக்ஸ் ஸ்லைடை ஆறவிட்டுப் பார்ப்பது

ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரீஏஜென்ட். கலக்கி, ஸ்லைடை மெதுவாக ஆட்டி, சரியாக 2 நிமிடத்தில் படியுங்கள். தாமதித்தால் ஓரம் காய்ந்து திரிதிரியாகத் தெரியும், அது பாசிட்டிவ் போலவே இருக்கும். மே மாதத்தில், ஃபேன் காற்றுக்குக் கீழே, இன்னும் சீக்கிரம் காயும். கொழுப்பேறிய சீரமும் சிவந்த சீரமும் ஏமாற்றும். ரீஏஜென்ட் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும்; ஃப்ரீசரில் வைத்தால் கட்டிதட்டி வீணாகும். எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரவிட்டுக் குலுக்குங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் கண்ட்ரோல் இரண்டையும் தினமும் ஓட்டுங்கள். ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தாலும் திரளாமல் நெகட்டிவ் போலத் தோன்றலாம். மருத்துவர் சந்தேகத்தோடு கேட்டால் சலைனில் நீர்த்து மறுபடி பாருங்கள்.

மூன்று மாதத்துக்கொரு முறை ஆர்.ஏ. ஃபேக்டர்

வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்பதை வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும் சொல்லும்.