அகலமான டயரைக் கழற்றிய கதை

என் சிறிய ஸ்போர்ட்ஸ் பைக்கில் பின் டயர் தேய்ந்ததும், 140/70-17 இருந்த இடத்தில் 160/60-17 போட்டேன். முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல்; இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; கடைசி எண் ரிம்மின், அதாவது டயர் மாட்டும் சக்கர வளையத்தின், விட்டம் அங்குலத்தில். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஓட்டியபோதுதான் வேதனை தெரிந்தது. முன்பு நினைத்தவுடன் சாய்ந்த வண்டியை, வளைவுகளில் கைப்பிடியை அழுத்தித் தள்ளிச் சாய்க்க வேண்டியிருந்தது.

டயரின் உயரம்தான் காரணம் என்று முதலில் கணக்குப் போட்டேன். 140 மி.மீ. அகலத்தில் 70 சதவீதம் 98 மி.மீ.; 160இல் 60 சதவீதம் 96. பக்கச்சுவரில் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம்! அது காரணமில்லை.

பிறகுதான் ரிம்மைப் பார்த்தேன். அதில் 4.00 என்று பொறித்திருந்தது, அதாவது நான்கு அங்குல அகலம். 160 டயருக்குப் பொதுவாக 4.5 அங்குல ரிம் ஏற்றது. குறுகிய ரிம் டயரின் இரு ஓரங்களையும் உள்ளே இழுத்து, நடுப்பகுதியைக் கூம்பாக்கியிருந்தது. சாயும்போது ஓரப்பகுதி சரியாகத் தரையில் படியவில்லை. செயினுக்கும் டயருக்கும் இடையே விரல்கூட நுழையவில்லை. அதைக் கண்டதும் உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

மறுநாளே 140/70-17 ரேடியல் டயருக்கு (உள் இழைகள் குறுக்குவாக்கில் ஓடும் வகை) திரும்பினேன். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடு, தாங்கும் வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீடு இரண்டும் கையேட்டில் உள்ளதற்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். முன் டயரும் ரேடியல் வகைதான். குளிர்ந்த டயரில் கையேடு சொன்ன காற்றழுத்தம். முதல் வளைவிலேயே என் பழைய வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது.