மலைக்கோட்டையில் கவுன்ட் கூடினால் அது காஸ்மிக் கதிரா?

கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கவுன்டர் கைக்கு வந்ததும் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏறுவது திருச்சி மலைக்கோட்டைக்குத்தான், டெல்டாவில் வேறு உயரம் ஏது? கீழே கடைவீதியில் ஒரு நிமிடம், மேலே உச்சிப்பிள்ளையார் வாசலில் ஒரு நிமிடம், எண் கூடிவிட்டது, 'உயரத்தில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் அதிகம்' என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயார். எண் கூடியது நிஜமாகவே இருக்கலாம், ஆனால் கூட்டியது பெரும்பாலும் பாறைதான். அதில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் காமா கதிர் விடும். 80 மீட்டர் ஏறியதால் காஸ்மிக் கதிர் கூடுவதோ ஓரிரு சதவீதம்.

1912இல் காஸ்மிக் கதிரைக் கண்டறிந்த இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் வரை போனபோதுகூட, தரையை விட்டு விலக விலக முதலில் கதிர்வீச்சு அளவு கொஞ்சம் குறைந்து, அப்புறம்தான் ஏறியது. மண்ணின் பங்கைக் கழிக்காமல் உயரத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

கீழ்மட்ட அளவை எங்கே எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சம்பா நேரத்தில் திண்ணையில் பொட்டாசியம் நிறைந்த பொட்டாஷ் உர மூட்டை அடுக்கியிருக்கும், அதன் பக்கத்தில் கவுன்டரின் குழாயை வைத்தால் எண் எகிறும், பிறகு ஏற்காட்டுக்கே போனாலும் 'குறைந்துவிட்டது' என்றுதான் எழுத வேண்டிவரும்.

அடுத்தது அவசரம். நிமிடத்துக்கு 20 எண்ணிக்கை என்றால் அதில் நாலைந்து முன்பின் இருப்பது இயல்பு. ஒரு சதவீதத் துல்லியத்துக்கு 10,000 எண்ணிக்கை வேண்டும், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் ஓடவிட வேண்டும்.

மழை பெய்யும்போது எடுத்த அளவை ஒதுக்கிவிடுங்கள், மண்ணிலிருந்து கிளம்பும் கதிரியக்க வாயுவான ரேடானிலிருந்து வந்த துகள்களை மழை தரைக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரத்துக்காவது எண்ணை உயர்த்தும். கார்த்திகையில் நாகப்பட்டினம் பக்கம் தாழ்வு மண்டலம் நின்று காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், உங்கள் தலைக்கு மேல் காஸ்மிக் கதிரைத் தடுக்கும் காற்றைப் பொறுத்தவரை நீங்கள் மலைக்கோட்டை அளவு ஏறிவிட்ட மாதிரிதான். அதனால் உயரத்தோடு அழுத்தத்தையும் குறித்துக்கொள்வது கட்டாயம்.

உருப்படியான வழி இரண்டு குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் மட்டும் எண்ணுவது. காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் மியூவான் என்ற துகள் இரண்டையும் துளைத்துப் போகும், மண்ணிலிருந்து வரும் காமா அப்படிப் போவது அபூர்வம். அந்தச் செட்டை அதே நிமிர்வில் கொடைக்கானல் வரை, அதாவது சுமார் 2,100 மீட்டருக்குக் கொண்டுபோனால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஒற்றைக் குழாயிலிருந்து இந்த முறைக்கு மாறியதும் எண்ணிக்கை சட்டென்று நிமிடத்துக்கு ஒரு சில என்று இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பதறி வயரிங்கைப் பிரிக்காதீர்கள்.