வெளிநாட்டில் இருந்தபடி மதுரையில் வீடு கட்டுவது எப்படி?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் தினமும் சைட்டைப் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் மண்ணோ கான்கிரீட்டோ பூச்சோ மூடிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாத வேலைகள் உண்டு. அவற்றை மூடுவதற்கு முன்பு பார்த்துவிட வேண்டும், பார்த்த பிறகுதான் பணம் போக வேண்டும்.

படி 1: காகிதங்கள்

பட்டா, புலப்படம் (மனையின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று மூன்றையும் தமிழக அரசின் இணையதளங்களிலேயே எடுக்கலாம். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றிய பிறகு மற்ற வேலை. இனிமேல்தான் இடம் வாங்கப் போகிறீர்களா? வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அனுமதி இல்லை. அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைதானா என்று உறுதி செய்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஊரில் உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். பிளான் அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று தேவையானதை மட்டும் எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் வேண்டாம், சொந்த அண்ணனாகவே இருந்தாலும். நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் ஊருக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

மனை 2,500 சதுர அடிக்குள்ளும், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியுமோ சேர்த்துக் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால், விதிப்படி கட்டுவதாக நாமே சான்று கொடுக்கும், 2024-இல் வந்த சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனடி அனுமதி பெறலாம்.

படி 2: ஆட்கள்

என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். மச்சானையோ சித்தப்பாவையோ "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் கம்பி இடைவெளி தெரியாது. தெரிந்தாலும் அதே ஊர்க்காரரான மேஸ்திரியிடம் முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடப்படுவார்கள். கடைசியில் வீடும் சரியாக வராது, உறவும் கசந்துபோகும். கட்டுகிற கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைத் தனியாகச் சம்பளம் பேசி வையுங்கள். சைட்டுக்கு வந்து அளந்து, படத்தோடு உங்களுக்கு எழுதி அனுப்புவது மட்டுமே அவர் வேலை. அவர் சரி என்று எழுதாமல் அடுத்த தவணை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். உறவினர்கள் பூஜைக்கும் அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் இருக்கட்டும், அதற்கு அவர்களைவிட்டால் ஆளில்லை.

படி 3: மண்ணும் தண்ணீரும்

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண்ணும் பாறையும் வேறு கதை. அதனால் பக்கத்து வீட்டைப் பார்த்து வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டாமல், முதலில் மண் பரிசோதனை செய்து அஸ்திவாரத்தை முடிவு செய்யுங்கள். போர் தண்ணீரையும் லேபில் கொடுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

படி 4: மூடும் முன் பார்க்க வேண்டியவை

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் வீடியோ அழைப்பு வையுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். ஊரில் மாலை 4 மணி இரண்டு பக்கத்துக்கும் தோதுப்படும். கம்பி மேல் டேப்பை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், வெறும் கம்பியைக் காட்டினால் இடைவெளி புரியாது. கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் மூடுவதற்கு இடம் விட்டுத் தாங்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள்: ரூஃபுக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. கல்லையோ ஓட்டுத்துண்டையோ முட்டுக்கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். போடுகிற அன்று கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓட வேண்டும், அதே கான்கிரீட்டில் 15 செ.மீ. கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்துவைத்து 7, 28 நாட்களில் அதன் வலுவைச் சோதிக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர் ஊற்றுவது. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள். மதுரை வெயிலுக்கு 14 நாள் ரூஃபில் பாத்தி கட்டி நிறுத்துவதே நல்லது. பில்லருக்கு ஈரச்சாக்கு சுற்ற வேண்டும். இதில்தான் ஆட்கள் அதிகம் அசந்துபோவார்கள். காலையும் மாலையும் ஒரு படம் அனுப்ப வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் ஓடும் வயர் பைப், தண்ணீர்ப் பைப்பைப் படமெடுத்துச் சேமியுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: பணம்

முன்பணம் சின்னதாக இருக்கட்டும். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரம்), ரூஃப், பூச்சு என்று முடிந்த வேலைக்குப் பின்னால் தவணை வரட்டும், எல்லாமே வங்கி வழியாக. வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். ஆனால் அவர்கள் அனுப்பும் ஆள் வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்ப்பார், உங்களுக்காகத் தரம் பார்க்க மாட்டார். நூற்றுக்கு ஐந்து ரூபாயைப் பிடித்துவைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை முழுதாகப் பெய்து, ரூஃபும் சன்ஷேடும் ஒழுகவில்லை என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்த பிறகு கொடுங்கள்.