மலை வீடுகளில் கறையான் மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவு நிலையில் கறையான் மண் ஏறியிருப்பதைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். விளக்குமாற்றால் அந்த மண்ணைத் தட்டிவிட்டு, மண்ணெண்ணெயையோ கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ அந்த இடத்தில் பீய்ச்சி, கண்ணில் பட்ட பூச்சி செத்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுவார்கள். குன்னூருக்கு அருகே குடியிருந்த நாளில் நானும் இரண்டு ஆண்டுகள் இதையே செய்தேன். சமையலறை நிலையில் அடித்தால், சில வாரங்களில் படுக்கையறை அலமாரியின் பின்னால் மண் ஏறும். அங்கே அடித்தால், கூரையைத் தாங்கும் கைமரத்தில் தெரியும். நான் கறையானை ஒழிக்கவில்லை, அதற்குப் புதிய வழிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

காரணம் எளிது. வீடுகளில் நாம் பெரும்பாலும் காணும் கறையானின் கூடு மண்ணுக்குள் இருக்கிறது. மரம் அது இரை எடுக்க வந்துபோகும் இடம் மட்டுமே. மெல்லிய தோல் கொண்ட அந்தப் பூச்சி வெளிக்காற்றில் விரைவில் உலர்ந்து இறந்துவிடும் என்பதால், ஈரத்தைக் காத்துக்கொள்ளவே மண்ணும் எச்சிலும் குழைத்துக் குழாய்போலப் பாதை கட்டுகிறது. மரத்தில் நாம் கொல்லும் சில நூறு வேலைக்காரப் பூச்சிகளின் இழப்பைக் கூடு உணர்வதே இல்லை. ஆகவே மருந்து சேர வேண்டிய இடம் வீட்டைச் சுற்றியும் தரைக்கு அடியிலும் உள்ள மண்.

ஆனால் மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்பே ஒரு தவறு நிகழ்ந்துவிடுகிறது. மரம் கெடுவதற்குத் தமிழில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன: செல்லரித்தது, உளுத்தது, இற்றுப்போனது. இவற்றை இன்று ஒரே பொருளில் வழங்குகிறோம் என்றாலும், உண்மையில் இவை மூன்று வேறு நோய்கள். செல் என்பது கறையான்; அது அரித்த மரத்தின் மேல்தோல் தாள்போல எஞ்சியிருக்க, உட்புறம் இழையோட்டத்தை ஒட்டி மண் அப்பிய பள்ளங்களாக இருக்கும். உளுத்த மரத்தில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தெரியும், அவற்றிலிருந்து மாவுபோலத் தூள் கொட்டும். அது வண்டின் வேலை. இற்றுப்போன மரம் கறுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, கையால் பிசைந்தால் உதிரும், அது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்து நிற்கும் இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் சூழும் நம் ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை.

உயரம் கூடக்கூடக் கறையான் குறைகிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள கூடலூரில் செல்லரித்த வீட்டைக் காண்பது எளிது. 2,200 மீட்டரைத் தாண்டிய உதகையில் மரம் கெட்டிருந்தால் முதலில் பூஞ்சையைச் சந்தேகிப்பதே என் வழக்கம். ஒழுகும் தகரக் கூரையைச் சரிசெய்யாமல், இற்றுப்போன உத்தரத்துக்குக் கறையான் மருந்து அடித்துப் பணத்தைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். இன்னொரு வகையும் உண்டு. மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையான், கசகசாவைப் போன்ற, ஆறு பட்டைகள் கொண்ட எச்சத்தைக் கீழே உதிர்க்கும். பழைய மரச்சாமான்களை, குறிப்பாகக் கடலோர ஊர்களிலிருந்து, ஆசையோடு வாங்கி வருகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். இதற்குத் தரையில் துளையிட்டு மருந்து ஊற்றுவது வீண். அந்த மரத்துக்கே மருந்து ஏற்ற வேண்டும் அல்லது அதை அப்புறப்படுத்த வேண்டும்.

அடையாளம் உறுதியானபின் வருவது அளவுக் கணக்கு. கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் மூலையை ஒட்டி 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிட்டு, மண் உறிஞ்சும் வரை, அதிக அளவாகத் துளைக்கு 1 லிட்டர் மருந்துக் கரைசல் செலுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் சுற்றளவு 44 அடி. ஏறக்குறைய 45 துளைகள். அதாவது அந்த ஓர் அறைக்கே 45 லிட்டர் வரை தேவைப்படலாம். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான் ஒன்றை மட்டும் கொண்டுவந்து, அரை நாளில் முழு வீட்டையும் முடித்துக் கொடுப்பதாகச் சொல்பவர் என்ன செய்யப் போகிறார் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே அறியலாம். என் வீட்டுக்கு வந்தவர் அப்படித்தான் முடித்தார். ஐந்தாண்டு உத்தரவாதச் சீட்டும் தந்தார். அடுத்த ஆண்டு தொலைபேசியை எடுக்கவில்லை.

மருந்தின் செறிவும் அவ்வாறே. மருந்தின் பெயருக்குப் பின் வரும் எண் அதன் சதவீதம்; எஸ்.சி., இ.சி. என்பவை நீரில் கலக்கும் திரவ வகைகள். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் ஒரு லிட்டர் நீருக்கு 2.1 மில்லி, குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்றால் 50 மில்லி என்பது கறையானுக்கான வழக்கமான கலவை. மருந்து கூடினால் பலன் கூடும் என்று இரட்டிப்பாகக் கலப்பவர்கள் உண்டு. இமிடாகுளோபிரிட் போன்றவை கறையானுக்குத் தெரியாமல், மெதுவாக வேலை செய்யும்படி அமைந்தவை; மருந்து பட்ட பூச்சி உடனே சாகாமல் திரும்பிச் சென்று, ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்யும்போதும் வாய்வழி இரையூட்டும்போதும் மற்றவற்றுக்கும் பரப்புகிறது. இரட்டிப்பாகக் கலந்தால் இந்த மெதுவான வேலை கெட்டுவிடும். அந்த இடத்தின் மேலேயே வேறொரு ஸ்பிரேயை அடித்தால், அதன் வாடையில் கறையான் ஒதுங்கிவிடுவதால் உள்ளே செலுத்திய மருந்து வீணாகிறது. வணிக முறையில் மருந்து அடிப்பவருக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் உரிமம் வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கென்று உள்ள தவறுகள் சரிவிலிருந்து தொடங்குகின்றன. இங்கே பல வீடுகள் மண்ணை வெட்டித் தளம் அமைத்துக் கட்டப்பட்டவை. முன்வாசலில் தரை நான்கு படி கீழே இருக்க, பின்சுவரிலோ சரிந்து வந்த மண் ஜன்னல் விளிம்பு வரை சாய்ந்து நிற்கும். அந்தச் சுவர் ஆண்டு முழுதும் ஓதம் ஏறி ஈரமாகவே இருக்கும், கறையானும் அங்கிருந்துதான் நுழையும். ஆனால் ஆள் நின்று வேலை செய்ய இடமில்லை என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கமும் மருந்து ஊற்றிச் செல்கிறார்கள். முதலில் அந்த மண்ணை வெட்டி விலக்கி, சுவருக்கும் சரிவுக்கும் இடையே நீர் வடியும் வாய்க்கால் அமைக்க வேண்டும். என் அனுபவத்தில் மருந்தைவிட மிகுந்த பலன் தந்தது இந்த மண்வெட்டி வேலைதான்.

அதே பின்சுவரில்தான் சீகை (வாட்டில்) விறகும் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும் அடுக்கப்படுகின்றன. மழைக்காலத்துக்கு விறகு வேண்டும், கூரையின் நீட்டம் நனையாமல் காக்கும் என்பது நியாயமே. ஆயினும் ஈர மண்ணில் படுத்து, சுவரில் சாய்ந்திருக்கும் விறகு கறையானுக்கு ஏணி. கல்லின் மேலோ இரும்புச் சட்டத்தின் மேலோ, சுவரைத் தொடாமல் அடுக்கினால் போதும்.

ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடமும், அடித்தளச் சுவரில் காற்றுத் துவாரங்களும் இருக்கும். குளிருக்காகவும் எலிக்காகவும் அவற்றைச் சிமெண்டால் அடைத்துவிடுகிறார்கள். காற்றோட்டம் நின்றதும் கீழே ஈரம் தேங்கி, பூஞ்சையும் கறையானும் ஒருசேரக் குடியேறுகின்றன. எலிக்குக் கம்பிவலை போதும். இத்தகைய தரையில் பலகையைத் துளைத்து மருந்து ஊற்றுவதில் பயனில்லை. ஓரிரு பலகைகளைக் கழற்றி, அடியில் உள்ள மண்ணையும் தாங்கு சுவர்களின் அடியையும் நனைக்க வேண்டும்.

பருவம் பார்க்காமல் செய்வது அடுத்த தவறு. முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்ததும்தான் பலருக்குக் கறையான் நினைவு வருகிறது. ஈசலை விளக்கடியில் நீர் வைத்துக் கொல்வதால் கூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டுக்குள் சுவரிலிருந்தே அது கிளம்பினால் அந்த இடத்தைக் குறித்துவைப்பதுதான் பயன். நீர் நிறைந்த மண் மருந்தை உறிஞ்சாது, அது வழிந்தோடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.

வழிந்தோடும் மருந்து எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சமவெளியில் அது பெரும்பாலும் நம் முற்றத்தோடு நின்றுவிடும். இங்கே நம் வீட்டுக்குக் கீழே இன்னொரு வீடும், அதற்குக் கீழே ஊற்றும் ஓடையும் இருக்கின்றன. குளோர்பைரிபாஸும், கறையானுக்கு ஊற்றும் இன்னொரு மருந்தான பைபென்திரினும் மீனுக்குக் கொடிய நஞ்சு, இமிடாகுளோபிரிட் தேனீக்கு ஆகாது. ஊற்றுநீரைக் குடிக்கும் வீடுகள் கீழே இருந்தால், அந்தப் பக்கத்துச் சுவரில் மண்ணுக்கு மருந்து ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. மண்ணை விலக்கி, ஓதத்தைத் தடுத்து, கெட்ட மரத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கலவை கலந்த வாளியை ஓடையில் கழுவுவதும், காலி டப்பாவில் பின்னர் தண்ணீர் பிடிப்பதும் கூடவே கூடாது.

மாற்றும் மரத்திலும் ஓர் ஏமாற்றம் உண்டு. தேக்கைக் கறையான் தொடாது என்பது அதன் வைரத்துக்கு, அதாவது கருத்த நடுமரத்துக்கு மட்டுமே பொருந்தும். வெளிறிய நிறத்தில் ஓரத்தில் உள்ள வெளிமரத்தைக் கறையான் தாராளமாகத் தின்னும். வார்னிஷ் பூசிய பிறகு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், பூசும் முன்பே நிலையின் நான்கு முகங்களையும் பார்த்துவிட வேண்டும்.

மருந்து ஊற்றிய மறுநாளே எல்லா மண்குழாய்களையும் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுவது கடைசியாகச் செய்யும் தவறு. நான் இப்போது ஒவ்வொரு குழாயிலும் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து, அருகே பென்சிலால் தேதி எழுதிவைக்கிறேன். சில வாரங்கள் கழித்தும் உடைத்த இடம் அப்படியே இருந்தால் அந்த வழி ஓய்ந்துவிட்டது. புது ஈரமண் பூசியிருந்தால் மருந்துக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டும், அவரிடம் காட்ட அந்தத் தேதியே சாட்சி.