ஒஸ்தியா அந்திகாவை அரை நாளில் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கான வழி

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியம், ஃபோரம், வத்திக்கான் எல்லாம் பார்த்து முடித்ததும் கையில் மிச்சமிருக்கும் ஒரு நாளில் பொம்பேயிக்கு ஓடுவார்கள். போக வர ரயிலிலேயே பாதி நாள் கரைந்துவிடும். பழைய ரோமானிய ஊர் ஒன்றின் தெருவில் நடக்க வேண்டும், கடைக்குள் நுழைய வேண்டும், மாடிப்படியில் கால் வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரோமிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஒஸ்தியா அந்திகா இருக்கிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இடிபாடுகளையும் அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பேரரசர்களின் ஊர் இல்லை. மூட்டை தூக்கியவர்கள், படகு இழுத்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள், தானிய வியாபாரிகள் பிழைத்த ஊர். அண்ணாந்து பார்த்து மலைக்கும் கட்டடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒவ்வோர் இடத்திலும் “இங்கே யார், என்ன வேலை பார்த்தார்கள்?” என்று கேட்டுக்கொண்டே போனால் ஊர் பிடிபடும். கீழே சொல்லும் சுற்று அதை மனதில் வைத்துப் போட்டதுதான்.

படி 1: கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கதை

டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர் ஒரு சிறு கோட்டைக் குடியிருப்பு போட்டார்கள். அது வளர்ந்து துறைமுக நகரமானது. ரோமுக்கு எகிப்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி பக்கத்திலிருந்து கோதுமை வந்தாக வேண்டும். பெரிய கப்பல்கள் ஆற்றில் ரோம் வரை போக முடியாது. ஆகவே சரக்கை இங்கே இறக்கி, சின்னப் படகுகளில் ஏற்றி, கரையிலிருந்து கயிறு கட்டி மேல்நோக்கி இழுத்துப் போனார்கள். ஊர் பிழைத்தது இதை நம்பித்தான்.

ஆற்றுவாயில் மணல் சேர்ந்துகொண்டே இருந்ததால் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42 வாக்கில் வடக்கே போர்த்துஸ் என்ற புதுத் துறைமுகத்தைத் தொடங்கினார். பிறகு பேரரசர் டிராஜன் அங்கே அறுகோண வடிவில் ஒரு கப்பல் தங்கும் குளம் வெட்டினார். நீங்கள் விமானத்தில் வந்து இறங்கும் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தின் பக்கத்தில் அந்த அறுகோணக் குளம் இன்றும் இருக்கிறது; ஜன்னல் இருக்கை கிடைத்தால் கண்ணில் படலாம். 2ஆம் நூற்றாண்டில் ஒஸ்தியா உச்சத்தில் இருந்தபோது சுமார் 50,000 பேர் வாழ்ந்திருப்பார்கள் என்பது கணிப்பு.

நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், நைல் நதியில் அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து இத்தாலியத் துறைமுகங்களுக்கு வந்தது. அகநானூறு சொல்லும் “பொன்னொடு வந்து கறியொடு” (கறி என்றால் மிளகு) போன யவனர் வியாபாரத்தின் மறுமுனை இந்தக் கடற்கரைதான்.

பொம்பேயி எரிமலை வெடித்து ஓரிரு நாளில் புதைந்தது. இங்கே எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. வியாபாரம் போனது, மக்கள் மெல்ல மெல்ல வெளியேறினார்கள், சளிக்காய்ச்சல் வந்தவன் மெலிவது மாதிரி ஊர் இளைத்துப்போனது. 1557 வெள்ளத்தில் ஆறும் பாதையை மாற்றிக்கொண்டது. கடலோ இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அதனால் துறைமுக ஊர் என்று நினைத்துப் போய்த் தண்ணீரைத் தேடாதீர்கள்.

படி 2: நாள், டிக்கெட், வழிகாட்டி

திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 8:30 வாக்கில் திறப்பார்கள். மூடும் நேரம் பருவத்துக்குத் தகுந்தபடி மாறும் என்பதால் முந்தின நாள் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் இலவசம், கூட்டமும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும். ஒரே டிக்கெட்டில் இடிபாடுகளும் அருங்காட்சியகமும் அடக்கம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை.

வழிகாட்டி வேண்டுமா? முதல்முறை என்றால் வேண்டும் என்பேன். பெயர்ப்பலகைகள் குறைவு, தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் செங்கல் சுவராகத்தான் தெரியும். உரிமம் பெற்ற வழிகாட்டியா என்று பாருங்கள். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அருங்காட்சியகம் சுற்றில் சேர்த்தியா? வியாபாரிகள் சதுக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்போம்? மாவு ஆலைக்குப் போவோமா? மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்கள் வாசலில் வரைபடம் வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

படி 3: போய்ச் சேர்வது

மெட்ரோ பி தடத்தில் பிராமிதே நிலையத்தில் இறங்குங்கள். அதை ஒட்டியே போர்த்தா சான் பாவ்லோ என்ற புறநகர் ரயில் நிலையம். அங்கிருந்து கடற்கரைப் பகுதியான லிடோ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஒஸ்தியா அந்திகா நிலையம். நகரப் பேருந்து, மெட்ரோவுக்கு வாங்கும் சாதாரண டிக்கெட்டே போதும், தனி டிக்கெட் வேண்டாம். நிலையத்துக்கு வெளியே வந்ததும் சாலைக்கு மேலே நடைபாலம் ஒன்று. அதில் ஏறி இறங்கி நேரே நடந்தால் சில நிமிடத்தில் நுழைவாயில்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய காலணி அவசியம். தெருவெல்லாம் பெரிய பெரிய எரிமலைக் கற்பலகைகள், நடுவில் இடைவெளி விட்டு உருண்டு தேய்ந்து கிடக்கின்றன. செருப்பு போட்டால் கணுக்கால் பிசகும். கோடையில் தொப்பியும் தண்ணீரும் வேண்டும், நிழல் கம்மி.

படி 4: வாசலிலிருந்து நெப்டியூன் குளியல் கூடம்

உள்ளே போனதும் தெருவின் இரு பக்கமும் கல்லறைகள். ஊருக்குள் புதைக்கக்கூடாது என்பது ரோமானியச் சட்டம் என்பதால் எல்லாக் கல்லறைகளும் ஊர் எல்லைக்கு வெளியே சாலையோரம் வந்தன. இங்கே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். ரோம் வாசல் என்ற பழைய ஊர் வாயிலைக் கடந்ததும் தெக்குமானுஸ் மாக்சிமுஸ் என்ற நேரான பெருந்தெரு தொடங்குகிறது. திசை தப்பினால் இந்தத் தெருவுக்குத் திரும்புங்கள், போதும்.

நடக்கும்போது சுவரைக் கவனியுங்கள். சின்னச் சின்னக் கற்களைச் சாய்சதுரமாக, வலை விரித்தது போல் பதித்திருந்தால் அது பெரும்பாலும் பழைய பாணி. தட்டையான செங்கற்களை அடுக்கிக் கட்டியிருந்தால் பெரும்பாலும் பிந்தையது. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் ஊரின் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். அந்தச் செங்கற்களில் சூளை முத்திரை இருக்கும். கி.பி. 123ஆம் ஆண்டு முத்திரைகள் நிறையக் கிடைத்திருப்பதால்தான் எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்று ஆய்வாளர்களால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

வலப்பக்கம் நெப்டியூன் குளியல் கூடம் வரும். படியேறி மேலே உள்ள மேடைக்குப் போய்க் கீழே பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆன பெரிய மொசைக் தரை: நான்கு கடற்குதிரைகள் பூட்டிக் கடல் கடவுள் நெப்டியூன் போகிறார், சுற்றிலும் மீன்களும் கடல் உயிரினங்களும் துள்ளுகின்றன. (குளிர்காலத்தில் சில மொசைக்குகளைப் பனி தாக்காமல் மூடி வைப்பார்கள். மொசைக்தான் முக்கியம் என்றால் இளவேனிலில் போங்கள்.) இதன் பின்னால் தீயணைப்புப் படையின் முகாம். கோதுமைக் கிடங்குகள் நிறைந்த ஊரில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்று யோசித்தால், அரசு ஏன் ரோமிலிருந்து ஆள் அனுப்பி இங்கே நிறுத்தியது என்பது புரியும்.

அதே வரிசையில் ஃபொர்த்துனாத்துஸ் என்பவரின் மதுக்கடை. தரை மொசைக்கிலேயே விளம்பரம் பதித்திருக்கிறார்: தாகமாக இருக்கிறதா, என்னிடம் ஒரு கிண்ணம் குடி என்கிற மாதிரி.

படி 5: அரங்கமும் வியாபாரிகள் சதுக்கமும் (இங்கேதான் நேரம் செலவழியுங்கள்)

பேரரசர் அகஸ்டஸின் நண்பர் அக்ரிப்பா காலத்தில் கட்டிய அரங்கம், 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிதாக்கப்பட்டது. இன்று நிற்பதில் பெரும்பகுதி நவீன சீரமைப்பு. மேல் வரிசை வரை ஏறிப் பின்பக்கம் திரும்பாமல் மேடைக்கு அப்பால் பாருங்கள், ஒரு பெரிய சதுரத் தோட்டம் தெரியும். நடுவில் ஒரு கோயிலின் அடித்தளம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் அறுபது சொச்சம் சின்ன அறைகள். இறங்கி அங்கே போங்கள்.

ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு மொசைக். அந்த அறைக்காரர் எந்த ஊர், என்ன வியாபாரம் என்று படமாகவும் எழுத்தாகவும் அதில் இருக்கிறது. ஒன்றில் யானை நிற்கும்: அது இன்றைய லிபியாவில் உள்ள சப்ராத்தா ஊர்க்காரர்கள். இன்னொன்றில் கப்பல்: சார்டினியாவின் காராலிஸ், அதாவது இன்றைய காலியாரி ஊர்க் கப்பல்காரர்கள். கார்த்தேஜ், தென் பிரான்சின் நார்போன் எல்லாம் உண்டு. தானியம் அளக்கும் மரக்கால் உருவம் பல இடங்களில் வரும். கலங்கரை விளக்கம் வரும், டால்ஃபின் வரும்.

எனக்குப் பிடித்தது இரண்டு கப்பல்கள் உள்ள மொசைக். ஓர் ஆள் தோளில் ஜாடியைச் சுமந்துகொண்டு ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குப் பலகை மேல் நடக்கிறான். படி 1இல் சொன்ன முழுக் கதையும், கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்குச் சரக்கு மாறுவது, அந்த ஒரே படத்தில் இருக்கிறது. வழிகாட்டி வேகமாகக் கடந்து போனால் கைதட்டி நிறுத்துங்கள். வரிசையாக எல்லா அறைகளையும் சுற்ற அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

படி 6: மாவு ஆலை, சாப்பாட்டுக் கடை

பெருந்தெருவில் மேற்கே போய் வலப்பக்கம் ஆலைத் தெருவில் திரும்புங்கள். ரொட்டி ஆலையில் கறுப்பு எரிமலைக் கல் எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே கூம்பு போல ஒரு கல், மேலே நடு ஒடுங்கிய இன்னொரு கல் தொப்பி மாதிரி கவிழ்ந்திருக்கும். மேல் குழியில் கோதுமையைக் கொட்டி, மரச்சட்டம் பூட்டிக் கழுதையையோ அடிமையையோ சுற்ற விட்டார்கள். மாவு இரண்டு கல்லுக்கும் நடுவே நொறுங்கிக் கீழே விழுந்தது. தரையைப் பாருங்கள், தெருவுக்குப் போட்ட அதே தடித்த கல் உள்ளேயும் இருக்கும். நாள் முழுக்கக் குளம்பு மிதித்தால் வேறு எந்தத் தரையும் தாங்காது.

பக்கத்தில் டயானா வீட்டுத் தெரு. பல மாடி வாடகைக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்கள் இங்கே நன்றாக நிற்கின்றன. எதிரே 3ஆம் நூற்றாண்டுச் சாப்பாட்டுக் கடை: பளிங்கு மேடை, கீழே தொட்டி, பின்சுவரில் அலமாரி, அதற்கு மேலே என்ன கிடைக்கும் என்று வரைந்த ஓவியம், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிடத் திண்ணை. அடுக்குமாடி அறைகள் பலவற்றில் சமைக்க வசதி கிடையாது, அதனால் இந்த மாதிரிக் கடைகள் ஊர் முழுக்க.

படி 7: அருங்காட்சியகம்

இங்கிருந்து இரண்டு நிமிட நடை. வெயில் ஏறும் நேரமும் கால் வலிக்கும் நேரமும் ஒன்றாக வரும்போது இது வருவதுதான் இந்தச் சுற்றின் சௌகரியம். கட்டடமே 15ஆம் நூற்றாண்டு உப்புக் கிடங்கு.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மூன்று போதும். ஒன்று, காளையைக் கொல்லும் மித்ரா என்ற கடவுளின் சிலை; கிரீட்டோன் என்ற ஏதென்ஸ்காரர் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். ஊரில் பத்துக்கும் மேற்பட்ட மித்ரா வழிபாட்டிடங்கள் கிடைத்திருக்கின்றன, பல நிலத்தடி அறைகள். இரண்டு, தெமிஸ்தோக்ளிஸ் தலை: கிரேக்கத் தளபதியின் முகம், அழகுபடுத்தாமல் கழுத்துத் தடித்த மல்யுத்தக்காரர் போல. மூன்று, கட்டிப்பிடித்து நிற்கும் குழந்தைகளாகக் காதல் கடவுள் க்யூபிடும் அவர் காதலி சைக்கியும். வெளியே அவர்கள் பெயரால் வழங்கும் வீட்டில் நிற்பது நகல்தான்.

படி 8: ஃபோரம், கழிப்பறை, கிடங்கு

அருங்காட்சியகத்திலிருந்து ஊரின் நடுச் சதுக்கமான ஃபோரத்துக்கு வந்தால் ஹேட்ரியன் காலத்துக் காப்பித்தோலியம் கோயில் உயரமான செங்கல் பெட்டியாக நிற்கும். மேலே போர்த்திய பளிங்கெல்லாம் பிற்காலத்தில் போய்விட்டது. இடைக்காலத்தில் பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

ஃபோரத்துக்குத் தெற்கே குளியல் கூடத்தருகில் பொதுக் கழிப்பறை. சுவரை ஒட்டிப் பளிங்கு இருக்கைகள், இருபது பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், தடுப்பு எதுவும் கிடையாது. வாசல்படியில் குழியைக் கவனியுங்கள், சுழலும் கதவு மாட்டிய இடம். பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் நினைவில் நிற்கும்.

நேரம் இருந்தால் மேற்கே எபகாத்துஸ், எபஃப்ரோதித்துஸ் இருவரின் கிடங்கு வாசலைப் பாருங்கள். இரண்டும் கிரேக்கப் பெயர்கள், விடுதலை பெற்ற அடிமைகளாக இருக்கலாம். வாசலுக்கு மேல் பளிங்குப் பலகையில் பெயரைப் பெரிதாகப் பொறித்துக்கொண்டிருக்கிறார்கள். கடற்கரை வாசலுக்கு அப்பால் 1961இல் சாலை போடும்போது வெளிப்பட்ட பழைய யூதத் தொழுகைக்கூடம் அருமையானது, ஆனால் தூரம். அரை நாள் கணக்கில் அது அடங்காது, விட்டுவிடுங்கள்.

படி 9: திரும்புவது

வந்த பெருந்தெருவிலேயே வாசலுக்கு நடக்க இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் எதிரே ஒஸ்தியா கிராமம்; பிற்காலத்தில் போப் இரண்டாம் ஜூலியஸ் ஆனவர் கர்தினாலாக இருந்தபோது கட்டிய செங்கல் கோட்டையும், சாப்பிட இரண்டு மூன்று கடைகளும் இருக்கின்றன. மதியம் வேறு வேலை இல்லையென்றால் ரோம் ரயிலை விட்டுவிட்டு எதிர்த்திசை ரயிலில் ஏறுங்கள். சில நிறுத்தங்களில் லிடோ, காலையில் தேடிய கடல் அங்கேதான் இருக்கிறது.