பக்கவாதத்துக்குப் பின் படத்தின் இடப்பக்கம் விடுபட்டால் வீட்டார் செய்ய வேண்டியவை

மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு, கண் நன்றாகத் தெரிந்தும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் ஏறாமல் போகிறது. மயிலாடியில் சிற்பம் செதுக்குபவரோ, தோவாளையில் மாணிக்கமாலை தொடுப்பவரோ, வாசலில் புள்ளிக்கோலம் இடும் அம்மையோ, யாராக இருந்தாலும் குறை கைவேலையில் பளிச்சென்று தெரியும். கோலம் பாதியில் நின்றிருக்கும். இட்டவர் முழுதாக முடித்துவிட்டதாகவே சொல்வார். அது பிடிவாதம் அல்ல, நோயின் இயல்பு என்பதால் வாதிட்டுப் பயனில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கவனியுங்கள். நம் வழக்கப்படி இலையின் நுனி இடப்பக்கம் இருக்கும். உப்பேரியும் ஊறுகாயும் அங்கேதான் விளம்பப்படும். அவற்றைத் தொடாமல், "உப்பேரி வைக்கவில்லையே" என்று அவர் கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் சுமார் 20 செ.மீ. நீளத்துக்குக் கிடைக்கோடு வரைந்து, தாளை அவருக்கு நேர் எதிரே வைத்து, நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் வெகுவாகத் தள்ளிப்போனாலும், கடிகாரம் வரையச் சொன்னால் எண்களெல்லாம் வலப்பாதியிலேயே நெருக்கியடித்து நின்றாலும், அந்தத் தாள்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வைப்புலத்தின் ஒரு பாதி பறிபோவது வேறு, கவனம் விலகுவது வேறு. இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்தக் குறை நினைவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மிலான் நகரத்து நோயாளிகளிடம் அவர்கள் நன்கறிந்த தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் கண்டு விவரிக்கச் சொன்னபோது, அவர்கள் வலப்புறக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள்; எதிர்முனையில் நிற்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொன்னார்கள். 1978-இல் வெளியான இந்த ஆய்வைப் போலவே நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பை இரு திசையிலிருந்தும் விவரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஆகவே, 'மனத்திலிருந்து வரைகிறார், அதில் குறை வராது' என்று எண்ண வேண்டாம்.

பயிற்சிக்குத் தாளின் இட ஓரத்தில் பட்டையான சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பைத் தேடிக் கண்ட பிறகே கை தொடங்க வேண்டும். இடக்கையில் சிறிதளவு அசைவிருந்தாலும் அதை அந்த ஓரத்தில் வைத்து அசைக்கச் சொல்வது பலருக்கு உதவுகிறது. கோலமாவைக் கையில் கொடுக்கும்போது, புள்ளிகளை முதலில் இடக்கோடியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். சிறிய தாளில் தொடங்கிச் சில வாரங்களில் பெரிதாக்கலாம். விடுபட்ட பகுதியை நீங்கள் வரைந்து நிரப்பாதீர்கள். தாளைத் திருப்பி வைத்தால் அவரே கண்டுகொள்ளக்கூடும். களைப்பில் கவனம் மேலும் நழுவும்; எனவே குறுகிய நேரம், அடிக்கடி என்பதே முறை.

படைப்புத்திறனைப் பற்றி இருவகை மிகைப்பேச்சு உண்டு: எல்லாம் போய்விட்டது என்பது ஒன்று, நோய் புதுக்கலையைத் தந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்பதில்லை. ஜெர்மானிய ஓவியர் லோவிஸ் கொரிந்த் 1911-இல் பக்கவாதம் கண்டபின் 1925-இல் இறக்கும்வரை வரைந்தார். கோடுகள் தளர்ந்தன, வண்ணம் துணிவு பெற்றது, அப்படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. மற்றொரு ஜெர்மானிய ஓவியர் ஆண்டன் ரேடர்ஷைட் 1967-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டபின் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். காலி கிடந்த இடப்பாதி படத்துக்குப் படம் நிரம்பிவந்தது. இருவருக்கும் பல ஆண்டுப் பழக்கம் கையில் இருந்தது என்பதை மறக்கலாகாது.

அதனால் ஒவ்வொரு தாளிலும் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறெங்கோ மறுபரிசோதனைக்குச் செல்லும்போது அந்தத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். படம் தேறிவருகிறது என்பதற்காக, மருத்துவர் சொல்லாமல் உளியையோ இருசக்கர வண்டிச் சாவியையோ கையில் கொடுத்துவிடாதீர்கள். தாளில் இடப்பக்கம் திரும்பிய பிறகும், சாலையில் இடப்பக்கமிருந்து வரும் பேருந்து அவர் கவனத்துக்கு வராமல் போகலாம்.