சிறிய கொல்லைக்கு ஏற்ற நீச்சல் குளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், வீட்டையும் கார் நிறுத்துமிடத்தையும் கழித்துவிட்டால், கொல்லைப்புறத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு அறை அளவுள்ள இடம்தான். அங்கே நீச்சல் குளம் அமைக்க விரும்புகிறவர், எந்த வகைக் குளம், என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னால், அதில் இறங்கி என்ன செய்யப்போகிறோம் என்பதை வீட்டாரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கைவீசித் தொடர்ந்து நீந்த வேண்டுமென்றால் குறைந்தது 25 அடி நீளமாவது தேவை. அதற்குக் குறைந்தால் நான்கைந்து வீச்சிலேயே எதிர்ச்சுவர் வந்து முட்டும். கொங்குப் பகுதித் தோட்டங்களில் கிணற்று மேட்டை ஒட்டி இருக்கும் பம்புசெட் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் யாரும் நீளமாக நீந்துவதில்லை; ஆனால் சித்திரை வெயிலில் அதற்குள் இறங்கியவரை எளிதில் வெளியே வரவைக்க முடியாது. சிறிய கொல்லைக்குப் பொருந்துவது அந்தத் தொட்டியின் வழிவந்த குளம்தான் என்பது என் முடிவு. உடற்பயிற்சிக்காக நீந்தியே ஆக வேண்டும் என்பவர்கள், இடுப்பில் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நீந்த உதவும் ரப்பர்ப் பட்டையைப் பயன்படுத்தலாம். அதற்கு 12 முதல் 15 அடி நீளம் போதும்.

அடுத்து, டேப்பை எடுத்துக்கொண்டு இடத்தை அளக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, முதலில் குளத்தின் அளவை முடிவுசெய்துவிட்டு, மிஞ்சியதை நடைபாதைக்கு விடுவது. கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். எடுத்துக்காட்டாக, கொல்லை 24 அடி அகலமும், வீட்டிலிருந்து பின்சுவர் வரை 20 அடி நீளமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் சுற்றுச்சுவரிலிருந்து ஐந்தைந்து அடி, வீட்டுப் பக்கம் நாற்காலி போடவும் துணி உலர்த்தவும் ஆறு அடி என்று விட்டுவிட்டால், தோண்டுவதற்குக் கிடைப்பது 14 அடிக்கு 9 அடி. கான்கிரீட் சுவர், பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் முக்கால் அடியை எடுத்துக்கொள்ளும் என்பதால், உள்ளளவு பன்னிரண்டரை அடிக்கு ஏழரை அடியாகச் சுருங்கிவிடும். நான்கு அடி ஆழத்துக்கு நீர் நிரப்பினால் அது 375 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 10,600 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரியே அதை நிரப்பிவிடும். நான்கைந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து பேச இந்த இடம் தாராளம். சிறிய இடத்தில் செவ்வக வடிவமே சிறந்தது. அவரைக்காய் போல வளைந்த வடிவங்கள் படத்தில் அழகாக இருந்தாலும், மூலைகளை வீணாக்கி, டைல்ஸ் வெட்டும் கூலியையும் ஏற்றிவிடும். நீளச்சுவர் ஒன்றை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணையை நீருக்குள்ளேயே கட்டிவிட்டால், படிக்கட்டும் இருக்கையும் ஒன்றாகவே அமைந்துவிடும்.

சுற்றுச்சுவரிலிருந்து ஐந்து அடி விடச் சொன்னது நடப்பதற்காக மட்டுமல்ல. சுவரின் அஸ்திவாரத்துக்கு அருகே பள்ளம் தோண்டினால், அதைத் தாங்கியிருக்கும் மண் சரிந்து பள்ளத்துக்குள் வரும். எத்தனை அடி ஆழம் தோண்டுகிறோமோ, குறைந்தது அத்தனை அடி தூரமாவது அஸ்திவாரத்திலிருந்து விலகியிருப்பது பொதுவான பாதுகாப்பு. அதைவிட நெருங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்து, தாங்குசுவர் கணக்குப் போட்டுத் தராமல் மண்வெட்டியை வைக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரரின் சுவர் விரிசல் விட்டால், குளத்துக்கு ஆகும் செலவைவிட அந்தச் சண்டைக்கு ஆகும் செலவு அதிகம்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் வரைந்துகொள்ளுங்கள். செப்டிக் டேங்க், சம்ப், ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகிய எல்லாமே நம் வீடுகளில் பெரும்பாலும் பின்புறத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமானது என்பதால், குளத்துக்காக அந்தக் குழியை மூடிவிட முடியாது. வேறிடத்தில் முதலில் அமைத்துவிட்டு, பிறகே பழையதை எடுக்க வேண்டும். தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். மின்கம்பி செல்லும் இடத்துக்குக் கீழே குளம் கூடவே கூடாது. தென்னைக்குக் கீழே மட்டையும் தேங்காயும் விழும்; வேம்பு இலையுதிர்க்கும் மாதங்களில் நாள் முழுவதும் வலையும் கையுமாக நிற்க நேரிடும்; முருங்கையின் சிற்றிலை ஃபில்டரை அடைப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சும். அரசு, ஆல் போன்றவற்றின் வேர் எட்டும் தூரத்தில் கான்கிரீட் தொட்டியும் தப்பாது.

இவற்றுக்குப் பிறகே குளத்தின் வகையைப் பற்றிப் பேச முடியும். ஏனென்றால் வகையைத் தீர்மானிப்பது நம் விருப்பத்தைவிட மண்ணும் நிலத்தடி நீருமே. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் கட்டும் தொட்டிக்குக் கீழே மண்ணை அகற்றி, கிராவல் நிரப்பி, இறுக்கிய பிறகே தளம் போட வேண்டும். சென்னைக் கடற்கரையோரப் பகுதிகளில் மணல் என்பதால் தோண்டுவது எளிது, ஆனால் பள்ளத்தின் பக்கங்கள் நிற்காமல் சரியும். மழைக்காலத்தில் சில அடியிலேயே நீர் ஊறும். பாறைப் பகுதிகளில் உடைக்கும் கூலியே குளத்தின் செலவுக்குப் போட்டியாக வந்துவிடும். அங்கே பாதியைத் தரைக்கு மேலே எழுப்பி, சுற்றிலும் மேடை கட்டுவது புத்திசாலித்தனம்.

நிலத்தடி நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். பூமிக்குள் பதித்த காலித் தொட்டி, கீழே நீர் ஊறும்போது படகைப் போல மிதக்கப் பார்க்கும். மேலே சொன்ன அளவுள்ள குளத்தின் அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி ஏறினாலே, அது இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தொட்டியை மேல்நோக்கித் தள்ளும். இலேசான ஃபைபர்கிளாஸ் தொட்டி இதைத் தாங்காமல் கிளம்பிவிடும். நீர் தரைமட்டம் வரை ஏறினால் கான்கிரீட் தொட்டிக்கும் ஆபத்துதான். உள்ளே நிறைந்திருக்கும் நீரே அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சுத்தம் செய்வதற்காகக் குளத்தை முழுவதுமாக இறைத்துவிடக் கூடாது. கட்டும்போதே அடித்தளத்தில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வு பொருத்தச் சொல்லுங்கள்.

ஆர்சிசி தொட்டி எந்த அளவிலும் கட்டக்கூடியது, நீண்ட நாள் உழைப்பது. நம் மேஸ்திரிகளுக்குப் பழக்கமான வேலையும்கூட. ஆனால் சம்ப் கட்டிய அனுபவம் மட்டும் போதாது. நீர் தேக்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கென்றே ஐஎஸ் 3370 என்ற இந்தியத் தரநெறி இருக்கிறது. கம்பி இடைவெளியையும் கான்கிரீட்டின் தரத்தையும் அதன்படி கணக்கிட்டு வரைபடம் தரும்படி பொறியாளரிடம் கேட்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் தொட்டி ஆலையிலிருந்து முழு வடிவமாகவே வரும். பள்ளம் தயாராக இருந்தால் சில நாட்களில் வேலை முடியும், வழவழப்பாக இருப்பதால் பாசியும் எளிதில் பிடிக்காது. அதன் சிக்கல் தெருவில் இருக்கிறது. எட்டு அடி அகலத் தொட்டியை ஏற்றிய லாரி உங்கள் தெருமுனையில் திரும்புமா, கிரேன் கை நீட்டும் இடத்தில் மின்கம்பியும் கேபிள் வயர்களும் குறுக்கிடுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரை நேரில் வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்புச் சட்டத்தில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பொருத்தித் தரைக்கு மேலேயே நிறுத்தும் குளங்களைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ஒரு கோடைக்கு அப்படி ஒன்றை வாங்கி, குளம் வரப்போகும் அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. யார் எத்தனை நாள் இறங்குகிறார்கள், எந்த நேரத்தில் வெயில் படுகிறது, சுத்தம் செய்யும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால், மடித்துப் பரணில் வைத்துவிடலாம். கான்கிரீட்டை அப்படி மடிக்க முடியாது. ஆனால் இடமில்லை என்று அதை மொட்டை மாடியில் நிறுத்திவிடாதீர்கள். வீடுகளின் மொட்டை மாடி வழக்கமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமைக்கே கணக்கிடப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழ நீரோ அதே பரப்பில் 1,000 கிலோ எடையுள்ளது.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒருமுறை நிரப்பிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதே நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தலாம் என்றாலும், வெயில் நாளில் ஆவியாகிப் போவதை ஈடுகட்டியாக வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் குறைந்தால், நம் எடுத்துக்காட்டுக் குளத்தில் சுமார் 50 லிட்டர், அதாவது மூன்று நான்கு குடம். பயன்படுத்தாத நேரத்தில் விரிப்புப் போட்டு மூடினால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். மணல் ஃபில்டரைப் பின்னோட்டம் விட்டுக் கழுவும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் வீணாகும் என்பதால், இந்த அளவுக் குளத்துக்குக் கழற்றிக் கழுவும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரையே நான் பரிந்துரைப்பேன். முழு நீரும் ஆறு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். பெரிய மோட்டாரைக் கட்டினால் மின்கட்டணம்தான் ஏறும். மோட்டாரை ஓட்டாமல் நீரைத் தேங்கவிட்டால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த நீரிலேயே முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை முதலில் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து அதிகமுள்ள நீரில் குளோரின் போட்டதும் குளம் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும்; கடின நீரில் டைல்ஸில் வெள்ளை படியும். குளத்து நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.2 முதல் 7.8 வரையிலும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் இருக்க வேண்டும். 10,600 லிட்டரில் குளோரினை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உயர்த்த, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்து வெறும் 16 கிராம் போதுமானது. சிறிய குளத்தில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுவிட்டுக் கண் எரிகிறது என்று சொல்வதில் பயனில்லை. வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும் என்பதால் மாலையில் போடுவதே சரி. இருவேறு வகைக் குளோரின் மருந்துகளை ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இந்த வேலையைக் குறைக்கும். ஆனால் அந்த நீரைச் செடிகளுக்குப் பாய்ச்ச முடியாது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் நாள் முழுவதும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நமக்கு அது தலைகீழ். நான்கடி ஆழ நீர் மே மாதத்தில் பிற்பகலுக்குள் வெதுவெதுப்பாகிவிடும்; ஆகவே வீட்டின் நிழல் மாலையில் விழும் கிழக்குப் பக்கம் உகந்தது. அது வாய்க்காவிட்டால் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டலாம்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. சிறு கொல்லையில் சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே குளம் என்ற நிலை பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. தவழும் குழந்தை அரை அடி நீரிலும் மூழ்கிவிடும். குளத்தைச் சுற்றி நான்கு அடி உயரத்துக்குக் குறையாத, ஏறிப் போகக் கால்வைக்க இடமில்லாத வேலியும், விட்டதும் தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டும். அடியில் உள்ள உறிஞ்சுதுளை ஒன்றே ஒன்றாக இருந்தால் தலைமுடியோ உடலோ அதில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தள்ளித் தள்ளி இரண்டு துளைகளும், அதற்கென்றே செய்த மூடிகளும் கேளுங்கள். நீருக்குள் 12 வோல்ட் விளக்கு மட்டுமே இருக்க வேண்டும். மோட்டார் இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். நான்கடி ஆழக் குளத்தில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது என்பதை விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியில் என்ன கட்டலாம் என்பதை உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, தேவையான அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஒப்பந்தத்தில் நீர்க்கசிவுச் சோதனையையும் ஒரு கட்டமாக எழுதி, அதுவரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குளத்தை நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்சிக்கொள்ள ஒரு வாரம் விட வேண்டும். பிறகு ஒரு வாளியில் நீர் நிரப்பி, நீருக்குள் இருக்கும் திண்ணையில் வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத இரண்டு நாட்கள் கழித்துப் பார்க்கும்போது இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயில் குடித்தது. வாளியில் குறைந்ததைவிடக் குளத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தால், டைல்ஸ் ஒட்ட வந்தவரை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.